முதல் பாட்டிலும் முதல் முப்பது நாளும்

எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வாங்கியவர், அந்த வைரஸை அடக்கும் கூட்டு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் முதல் மாத்திரையை வாங்கி விழுங்குவதற்குள் எத்தனை நாள் ஓடிப்போகிறது? அரசு சிகிச்சையைப் பற்றி யார் என்னிடம் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். மருந்தைப் பொறுத்தவரை இன்று பெரிய சிக்கல் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை: டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்தது. இலவசம். ஆள் கைநழுவிப் போவது அந்த மாத்திரை வரை நடக்கிற நடையில்.

1986ல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தது நம்ம சென்னையில். 2004 ஏப்ரலில் மத்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. அப்போதெல்லாம் சிடி4, அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்பு சக்தி செல்களின் எண்ணிக்கை, ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. 2017லிருந்து அந்தக் காத்திருப்பு இல்லை; சிடி4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு. ஆனாலும் "சிடி4 ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிடி4 முக்கியம்தான். 350க்குக் கீழே இருந்தால் வேறு தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் சேர வேண்டும், 200க்குக் கீழே என்றால் இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். அதற்காக ஏ.ஆர்.டி.யை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

உண்மையில் நிதானிக்க வேண்டிய காரணங்கள் வேறு. இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் முதலில் டிபி பார்க்க வேண்டும். விடாத தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் மூளைச்சவ்வுத் தொற்று இல்லை என்று உறுதி செய்யாமல் தொடங்குவது ஆபத்து. இதெல்லாம் இல்லாதவருக்கு அன்றைக்கே, முடியாவிட்டால் ஒரு வாரத்துக்குள், மாத்திரை கையில் இருக்க வேண்டும்.

நடப்பது என்ன? ஒரு நாள் பதிவு. இன்னொரு நாள் ரத்தம் குடுக்க. எக்ஸ்ரே வேறு கட்டடம், அங்கே போவதற்குள் கவுண்டர் மூடியாச்சு, நாளைக்கு வாங்க. ரிப்போர்ட் வாங்க மறுபடி ஒரு நாள். கொத்தனார் வேலைக்குப் போகிறவருக்கு, வீட்டு வேலை பார்க்கிற அக்காவுக்கு, இது மூன்று நாலு நாள் கூலி. அதிலும் தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாது என்று திருவொற்றியூர்க்காரர் தாம்பரம் வரைக்கும் மின்சார ரயிலில் போவார். மூன்றாவது தடவை அவர் வராவிட்டால் ரெஜிஸ்டரில் "தொடர்பில் இல்லை" என்று எழுதுவார்கள். நாம் நாலு தடவை இழுத்தடித்தோம் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

மாத்திரை கைக்கு வந்த பிறகு வருவது வேறு கதை. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆள் அக்கறையோடு சொல்வார்: "தம்பி, ராத்திரி படுக்கும்போது மட்டும்தான் போடணும்." அவர் சொல்வது எஃபாவிரென்ஸ் சேர்ந்த பழைய மாத்திரைக்கு. அது தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும், அதனால் ராத்திரி போடச் சொன்னார்கள். இப்போதைய மாத்திரையை எந்த நேரத்திலும் போடலாம், சாப்பிட்டோ சாப்பிடாமலோ. சிலருக்கு இதுவே தூக்கத்தைக் கெடுக்கும். அவர்கள் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில், எல்லோரும் இருக்கிற ராத்திரியைவிட வேலைக்குக் கிளம்புகிற காலை எவ்வளவோ வசதி. கவுன்சிலர் இந்த ஒன்றைக் கேட்டாலே போதும்: உங்க வீட்டில் நீங்க தனியா இருக்கிற அஞ்சு நிமிஷம் எப்போது?

அப்புறம் அந்த பாட்டில். முப்பது மாத்திரை. பையில் போட்டால் கடகடவென்று சத்தம், பஸ்ஸில் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிற பயம். அதனால் வெளியே வந்ததும் மாத்திரையை ஒரு பேப்பரில் மடித்துக்கொண்டு பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சின்ன பொட்டலம் இருக்கும், அதுவும் போய்விடும். சென்னைப் புழுக்கத்தில் பேப்பரில் கிடக்கிற மாத்திரை நமுத்துப்போகும். லேபிளைக் கிழித்துவிட்டு, கொஞ்சம் பஞ்சை உள்ளே வைத்து மூடினால் சத்தமும் வராது, மருந்தும் கெடாது. இதை மருந்து கொடுக்கும் ஜன்னலில் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

கூடச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றியும் அங்கேயே கேட்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், டைஜீன் மாதிரி அலுமினியமும் மெக்னீசியமும் உள்ள மருந்தைக் குடித்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அதைக் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மணி நேரம் கழித்து. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு. இரும்புச்சத்து, கால்சியத்தை மட்டும் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டிபிக்கு ரிஃபாம்பிசின் ஓடும்போது பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் 50 தேவை. அந்த இரண்டாவது மாத்திரையை "அதேதான் ரெண்டு தடவை குடுத்துட்டாங்க" என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

முதல் சில வாரங்களில் காய்ச்சலோ நெறிகட்டியோ வந்தால் பலர் "மருந்து ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு, உள்ளே பதுங்கியிருந்த தொற்றோடு சண்டை போடும்போது அப்படி வரும். உடனே மையத்துக்கு வரணும், தானாக நிறுத்தக் கூடாது. ஹெபடைடிஸ் பி இருக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம், இதே மாத்திரைதான் அதையும் அடக்கி வைத்திருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது மாத்திரை எண்ணிப் பார்க்கிற அந்தக் காட்சி. மறுமாதம் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்வார்கள். கணக்குக்கு மேல் நாலு மாத்திரை மிச்சம் இருந்தால் திட்டு. "உனக்கு உயிர் மேல ஆசை இல்லையா?" வயதில் மூத்தவரைக்கூட ஒருமையில். அடுத்த தடவை என்ன செய்வார்? மிச்ச நாலையும் கழிவறையில் கொட்டிவிட்டு, கணக்கு சரியாக வரும்படி வருவார். ரெஜிஸ்டரில் நூறு சதவீதம். ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை, எடுக்கும்போது எண் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். விட்டுப்போன மாத்திரையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தால்தான் காரணத்தைத் தேட முடியும்: ஷிப்ட் மாறியதா, ஊர்த் திருவிழாவா, மாமியார் வந்து தங்கினாரா. விட்டது ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம் என்பதையும் திட்டாமல் சொன்னால்தான் காதில் விழும்.

பெயரையும் நோயையும் சேர்த்துக் கூப்பிடுவதும் இதே கணக்கில் வரும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. மருத்துவமனைக்கும் அது பொருந்தும். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பதிவு, ரத்தம், எக்ஸ்ரே, கவுன்சிலிங் நாலும் ஒரே நாளில். வாரத்தில் ஒரு நாளாவது மருந்து ஜன்னல் சாயங்காலம் ஏழு வரைக்கும். தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு போன், "தூக்கம் எப்படி இருக்கு அண்ணே" என்று, ஏ.ஆர்.டி. என்ற வார்த்தையே இல்லாமல். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: பாட்டில் காலியாகும் வரை காத்திருக்காதீர்கள், இரண்டு மூன்று மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போய் வாங்கிவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மையத்தில் தந்த சிகிச்சைக் குறிப்புப் புத்தகத்தை, அந்த க்ரீன் புக்கை, மறக்காமல் பையில் வையுங்கள். யாரிடமும் கேட்க முடியாத சந்தேகம் என்றால் 1097, கட்டணம் கிடையாது, பெயர் சொல்லாமலேயே பேசலாம்.