பிளேனை நிறுத்துவது வானிலை இல்லை, மேலே இருப்பவர்களின் குழப்பம்

மன்னார்குடியில் 19 வருஷமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். ஃபிளைட் லேட்டாவதும் கேன்சலாவதும் எனக்குப் புதுசில்லை. ஆனால் போன மாசம் ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது எதிரில் நின்ற வேன் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கோட்டூர் பக்கத்துத் தம்பி, குவைத்தில் டிரைவர். அப்பா ஆபரேஷனுக்காக வந்தவன் லீவை நீட்டிக்கொண்டே போய், ஆறு மாசம் முடிய நாலே நாள் இருக்கும்போது கிளம்பினான். ஊரில் ஆறு மாசம் தாண்டினால் அங்கே தங்குவதற்கான அனுமதி, அக்காமா, போய்விடும். திருச்சி கவுண்டருக்குப் போனால் ஃபிளைட் இல்லை. ஏன் இல்லை, அடுத்தது எப்போது என்று அங்கிருந்த பெண்ணுக்கே தெரியவில்லை. "எங்களுக்கே இப்பதாண்ணே மெயில் வந்துச்சு" என்று கண் கலங்கினாளாம்.

வேன் மேலே அட்டைப்பெட்டி, கட்டிய நைலான் கயிறு கட்டியபடியே இருந்தது. மார்க்கரில் எழுதிய அவன் பெயரும் 'குவைத்'தும் வழியில் பெய்த கோடை மழையில் கரைந்து வழிந்திருந்தன. அவன் அம்மா கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேற பிளேன் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது, மூணு மடங்கு விலையில். குறுவைக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதில் போனது.

கம்பெனி பெயர் வேண்டாம். அந்தக் கவுண்டர் பெண் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் கோபம். புது ரூட் என்று கேக் வெட்டினார்கள், மூணு மாசத்தில் நிறுத்தினார்கள். லக்கேஜ் 30 கிலோ என்றார்கள், அப்புறம் 20 என்றார்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா என்று தெரியாத வருஷத்தில் நாற்று விடுவதா, நேரடி விதைப்பா என்று நாம் தவிப்போமே, அந்தத் தவிப்பில்தான் அவர்களுடைய ஊழியர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள்.

ஊரறிந்த கதைகளைப் பாருங்கள். 2007-ல் மட்டும் நம் நாட்டில் விமானக் கம்பெனிகளுக்குள் மூணு கல்யாணம் நடந்தது. ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்தார்கள். பெயர் ஒன்றானது, பைலட்டுகள் சம்பளத்திலும் பதவி உயர்விலும் இரண்டு கூட்டமாகவே இருந்தார்கள். 2011-ல் ஒரு கூட்டம் ஸ்டிரைக், 2012-ல் இன்னொரு கூட்டம். கடைசியில் 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனது. மலிவு டிக்கெட்டுக்குப் பேர்போன ஏர் டெக்கானைக் கிங்ஃபிஷர் எடுத்தது. 2011-ல் மலிவு சேவையே வேண்டாம் என்று அறிவித்தது. 2012 அக்டோபரில் பறப்பதே நின்றது. ஏர் சஹாராவை வாங்கிய ஜெட் ஏர்வேஸ் ஜெட்லைட், ஜெட்கனெக்ட் என்று பெயர் மேல் பெயர் வைத்து, 2019 ஏப்ரல் 17-ல் படுத்தது.

நம்ம ஆட்களுக்கு நெருக்கமானது இலங்கையின் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ். திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து வளைகுடா என்று எத்தனை பேருக்கு நானே டிக்கெட் போட்டிருக்கிறேன்! 1998 முதல் பத்து வருஷம் அதை எமிரேட்ஸ் நடத்தியது. 2007 கடைசியில் லண்டனிலிருந்து திரும்ப இலங்கை ஜனாதிபதிக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் இடம் கேட்டார்கள். டிக்கெட் வாங்கிய பயணிகளை இறக்கிவிட முடியாது என்றது நிர்வாகம். தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. 2008-ல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது, ஜனாதிபதியின் மைத்துனர் தலைவரானார். அப்புறம் குவிந்த நஷ்டம் உலகத்துக்கே தெரியும். ஏ350 விமானங்களை எடுக்கப்போவதாக 2013-ல் அறிவித்து, 2016-ல் வேண்டாம் என்று சொல்லி அதற்கும் நஷ்ட ஈடு கட்டினார்கள். காசு கொடுத்தவனுக்குத்தான் சீட் என்று சொன்ன மனுஷனை அனுப்பிவிட்டால் வேறு என்ன நடக்கும்?

பெட்ரோல் விலை, டாலர் விலை என்பார்கள். நிஜம்தான். ஆனால் பக்கத்து கவுண்டர் கம்பெனிக்கும் அதே பெட்ரோல், அதே டாலர். அது கிளம்பிப் போகிறதே! யாரை ஏற்றப் போகிறோம், எந்த ஊருக்கு, என்ன விலைக்கு என்று ஒரு தடவை முடிவெடுத்து அதில் நிற்க வேண்டும். அதைச் செய்யத்தானே அவர்களுக்கு அந்த நாற்காலி?

தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். ரீஃபண்ட் கேட்டு ஏழு மெயில் போட்டாயிற்று. ஒவ்வொரு பதிலிலும் வேறு வேறு ஆள், வேறு வேறு காரணம். பெருமாள் கோயிலுக்கு வரும்போதெல்லாம் அவன் அம்மா என் கடை வாசலில் நின்று, "வந்துச்சாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நாற்று விட நாள் நெருங்குகிறது.