காட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு போனைப் பார்க்கச் சொன்னால் எப்படி?

காட்டுக்குள் கலைக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தால் உடனே கிளம்பிவிடுகிற ஆள் நான். நான்கு சுவருக்குள், ஏசி குளிரில், "தொடாதீர்கள்" பலகைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைவிட, சருகு மிதிபட நடந்துபோய் ஒரு சிற்பத்தின் முன்னால் நிற்பது எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இத்தனை எரிச்சல். பிடிக்காத விஷயமாக இருந்தால் வீட்டிலேயே படுத்திருப்பேனே, இவ்வளவு எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

புறநகரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காடு அது. ஒரு பக்கம் அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை, நடுவில் எப்படியோ தப்பித்து நிற்கிற மரங்கள். வாசலில் ஆளுயர பேனர்: "திரைகளிலிருந்து விடுபடுங்கள், இயற்கையோடு இணையுங்கள்." நல்ல எண்ணம்தான். அதற்கு நேர் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்: "வரைபடத்துக்கு எங்கள் ஆப்பைப் பதிவிறக்கவும்."

இரண்டு வரியையும் ஒரே ஆள்தான் எழுதினாரா? எழுதி முடித்ததும் ஒருமுறை படித்தாவது பார்த்தாரா?

காகித வரைபடம் இருக்கிறதா என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த தன்னார்வலர், "காகிதத்தை மிச்சம் பண்றோம் சார், சூழலுக்காக" என்றார். அவருக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஒன்று புகை கக்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். அவரிடம் அப்படிச் சொல்லச் சொன்ன ஆட்களிடம்தான் எனக்குக் கணக்கு இருக்கிறது.

சரி, ஆப்பையே இறக்கிக்கொள்வோம் என்று ஓரமாக நின்றேன். வாசலில் சிக்னல் இரண்டு கோடு. என்னோடு சேர்ந்து ஒரு கூட்டமே அதே இரண்டு கோட்டுக்காக அடித்துக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக இறங்கியதும் கைபேசி எண் கேட்டது. மின்னஞ்சல் கேட்டது. பிறந்த தேதி கேட்டது. ஒரு மரச் சிற்பத்தைப் பார்க்க என் பிறந்த தேதி எதற்கு? நான் எங்கே இருக்கிறேன் என்பதை "எப்போதும்" தெரிந்துகொள்ள அனுமதி வேண்டுமாம். கண்காட்சி எங்கே இருக்கிறது என்பதை எனக்குச் சொல்லத்தான் அந்த ஆப் என்று நான் நினைத்திருந்தேன்.

உள்ளே கொஞ்ச தூரம் போனதும் அந்த இரண்டு கோடும் காணாமல் போயின. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பச்சை இலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலைகளை உறிஞ்சும். அதிர்வெண் ஏற ஏற அந்த இழப்பும் ஏறும், இலை மழையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம். ஜிபிஎஸ் நிலைமை அதைவிடப் பரிதாபம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து கிளம்பி, தரைக்கு வருவதற்குள் மிகவும் மெலிந்துபோன சமிக்ஞை அது. இலையில் இழந்தது போக மிச்சம் அடிமரங்களில் பட்டுத் தெறித்துச் சுற்றி வந்து சேரும்போது, போன் குழம்பித்தான் போகும். என் நீலப் புள்ளி நெடுஞ்சாலையின் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தது. நான் ஒரு முள் புதருக்குள் நின்றுகொண்டிருந்தேன். சிக்னல் கிடைக்காத போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைக் கரைக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்காட்சிக் குழுவில் ஒருவர்கூட ஒரு மத்தியானம் தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பாதையில் நடந்து பார்க்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அம்புக்குறிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. இரண்டு பாதை பிரியும் இடத்தில் இல்லை, நேராகப் போகிற இடத்தில் இருந்தன.

சரி, தேடி அலைந்து ஒரு படைப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் செய்தது, பெயர் என்ன, எந்த மரம், எந்த உலோகம்? பக்கத்தில் ஒரு குச்சி. குச்சியில் ஒரு அட்டை. அட்டையில் ஒரு க்யூஆர் கோடு. அவ்வளவுதான். கலைஞரின் பெயர்கூடக் கிடையாது! மாதக்கணக்கில் உழைத்து ஒரு பொருளைச் செய்து, அதை மழையிலும் வெயிலிலும் நிற்க வைத்திருக்கிற மனிதருக்கு ஒரு வரி இடம் கொடுக்க மனசு வரவில்லை இவர்களுக்கு. அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் 1994இல் ஜப்பானின் டென்ஸோ நிறுவனத்தில் பிறந்தது, கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக. தொழிற்சாலையில் கூரை உண்டு, விளக்கு உண்டு, பெட்டியின் மேல் காய்ந்த லேபிள் உண்டு. காட்டில் என்ன ஆகும்? லேமினேஷன் ஓரத்தில் ஈரம் புகுந்து உள்ளே முத்து முத்தாக வேர்த்திருந்தது. வெயில் விழுந்த அட்டைகளில் பளபளப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒரு அட்டை லேமினேட்கூடச் செய்யப்படாத வெறும் காகிதம், அதன் மூலையை நத்தை தின்றிருந்தது. (நத்தை காகிதம் தின்னும், தோட்டத்துத் தபால் பெட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.) அந்த ஏற்பாட்டால் பயனடைந்த ஒரே ஜீவன் அந்த நத்தைதான்.

பின்னால் வயதான தம்பதி வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். அவர் கையில் இருந்தது பட்டன் போன். "ஒண்ணும் போடலைம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்தார். குனிந்து பார்க்கிற ஆர்வம் அவருக்கு இருந்தது, சுற்றி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பாதிப் பேருக்கு அது இல்லை. அவரைத்தான் இந்த ஏற்பாடு வெளியே நிறுத்தியிருக்கிறது. "அனைவருக்குமான கலை" என்று பேனரில் வேறு போட்டிருந்தார்கள், சொல்ல மறந்துவிட்டேன்.

மேட்டில் ஒரு இடத்தில் தப்பித் தவறி சிக்னல் வந்து ஒரு பக்கம் திறந்தது. ஆவலாகப் படித்தேன். இந்தப் படைப்பு மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான உரையாடலின் எல்லைகளை மறுவரையறை செய்கிறதாம். என்ன மரம் என்று அதிலும் இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டு, பசியோடு உட்கார்ந்தவனுக்குச் சாப்பாட்டின் போட்டோவைக் காட்டி அனுப்புகிற வேலை இது.

அப்புறம் அந்தக் காலடிச் சின்னங்கள். படைப்புகளுக்கு முன்னால் தரையில் இரண்டு பாதம் வரைந்த பலகை, "இங்கே நின்று படம் எடுக்கவும்", கூடவே ஒரு ஹேஷ்டேக். அந்தப் பாதங்களுக்குப் பின்னால் வரிசை. சிற்பத்தைச் சுற்றி ஒரு நடை போய் அதன் முதுகைப் பார்க்கலாம் என்று நகர்ந்தால், "ஃபிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று குரல். பத்துப் பேர் முறைக்கிறார்கள். முதுகு என்று ஒன்று இருப்பதே பல படைப்புகளுக்கு நினைவில்லை என்பது வேறு கதை. முன்பக்கம் பளபளவென்று வண்ணம், பின்னால் ஒட்டுப்பலகையும் ஆணியும் தெரிகின்றன. கேமரா அந்தப் பக்கம் வராது என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

வரிசை மிக நீளமாக இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடியால் செய்த ஒரு பெட்டிக்கு முன்னால். மரங்கள் அதில் தெரிகின்றன, நடுவில் நாமும் தெரிகிறோம், படம் பிரமாதமாக வரும். பறவைக்கும் அதில் மரம்தான் தெரியும், அது நேராகப் பறந்துபோய் மோதும். கண்ணாடிப் பிரதிபலிப்பில் மோதிப் பறவைகள் சாவது எல்லோருக்கும் தெரிந்த, பல காலமாகப் பேசப்படுகிற விஷயம். ஸ்வீடனில் ஹாராட்ஸ் கிராமத்துக் காட்டில் 2010இல் மரத்தின் மேல் ஒரு கண்ணாடிக் கனசதுர அறை கட்டினார்கள், மிரர்கியூப் என்று பெயர். பறவைகளுக்கு மட்டும் தெரியும் புறஊதாப் படலத்தை அந்தக் கண்ணாடியில் சேர்த்தார்கள். அது காசு கொடுத்துத் தங்குகிற ஹோட்டல் அறை! ஹோட்டல்காரர்களுக்கு வந்த யோசனை இயற்கையோடு இணையச் சொல்கிற நம் கலைக்குழுவுக்கு வரவில்லை. பெட்டியின் அடியில் சில இறகுகள் கிடந்தன. எப்படி வந்தன என்று நான் பார்க்கவில்லை, அதனால் அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

வரிசை நின்ற மண்ணையும் பாருங்கள். மரத்துக்கு நீரையும் சத்தையும் உறிஞ்சித் தரும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கிறது, ஓர் அடி இரண்டடி ஆழத்துக்குள். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் நின்று மிதித்தால் மண்ணின் துளைகள் அடைபடும், காற்றும் நீரும் கீழே இறங்காது. மரம் அன்றைக்கே விழுந்துவிடாது. சில வருடம் கழித்து உச்சிக் கிளை காயும், அப்போது இந்தக் கண்காட்சியை யார் நினைக்கப் போகிறார்கள்? ஒரு படைப்பை அடிமரத்தைச் சுற்றி இறுக்கக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். பட்டைக்கு உள்பக்கம்தான் இலையில் தயாராகும் உணவு கீழே இறங்கும் வழி. கம்பியை அப்படியே விட்டுவிட்டால் மரம் பருக்கப் பருக்க அது கழுத்தைப் பிடிக்கும். கண்காட்சி முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்களா? போன முறை அடித்த ஆணிகள் பக்கத்து மரத்தில் துருப்பிடித்து நிற்கின்றனவே.

எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று காட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ஓமா காடு இருக்கிறது. அகுஸ்தின் இபரோலா என்ற கலைஞர் 1980களின் தொடக்கத்தில் அங்கே பைன் மரங்களின் அடிமரத்தில் நேரடியாக வண்ணம் தீட்டினார். அங்கும் தரையில் குறி உண்டு. அந்த இடத்தில் நின்று அம்பு காட்டும் திசையில் பார்த்தால், முன்னும் பின்னுமாக நிற்கும் மரங்களில் சிதறிக் கிடக்கும் கோடுகள் ஒன்றுசேர்ந்து ஓர் உருவமாகும். ஓர் எட்டு நகர்ந்தால் கலைந்துவிடும். நிற்பதும் நகர்வதும்தான் அங்கே படைப்பே. அந்தப் பைன் மரங்களுக்கு நோய் வந்தபோது காட்டை மூடினார்கள், பக்கத்திலேயே வேறு மரங்களில் அதை மறுபடி உருவாக்கி 2023இல் திறந்தார்கள்.

இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டில் 1977 முதல் சிற்பங்கள் வைக்கிறார்கள். தொடக்க காலத்தில் கலைஞர்கள் அங்கேயே தங்கி, அங்கே கிடைத்த மரத்தையும் கல்லையும் கொண்டு வேலை செய்தார்கள். சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி 1990இல் கட்டிய கல் சுவர் ஒன்று அங்கே மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. மரம் எங்கே நிற்கிறதோ அதற்குத் தகுந்தபடி சுவர் ஒதுங்கிப் போகிறது. இங்கிலாந்திலேயே டீன் காட்டில் கெவின் ஆதர்டன் என்ற கலைஞர் 1986இல் மரங்களுக்கு இடையே உயரத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னலைத் தொங்கவிட்டார். தேவாலயத்தில் பார்ப்பது போன்ற சன்னல்தான், ஆனால் சுவர் கிடையாது, வெளிச்சம் காட்டிலிருந்து வந்தது. அதே காட்டில் மக்தலேனா எட்டெலோவா செய்த பிரமாண்டமான மர நாற்காலி கிட்டத்தட்ட முப்பது வருடம் நின்றது. மரம் உளுத்துப்போனதும் 2015இல் பிரித்தெடுத்தார்கள். இவற்றை எல்லாம் செய்தவர்கள் அந்த இடத்தில் நடந்திருக்கிறார்கள், மழையில் நின்றிருக்கிறார்கள். நான் பார்த்த கண்காட்சியில் பாதிப் படைப்புகளை எடுத்து ஷாப்பிங் மாலின் நடுக்கூடத்தில் வைத்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அங்கே சிக்னலாவது கிடைக்கும்.

நல்ல படைப்பே இல்லையா? இருந்தது. விழுந்த கிளைகளைப் பின்னி ஆள் நுழையும் அளவுக்குக் கூடு போல ஒன்று, பாதையிலிருந்து விலகி ஒரு பள்ளத்தில். பாதச் சின்னம் இல்லை, வரிசை இல்லை, ஆப்பிலும் அந்த இடம் காட்டவில்லை. வழி தவறிப் போனதால்தான் அகப்பட்டது. உள்ளே உட்கார்ந்தால் நெடுஞ்சாலை இரைச்சல் பாதியாகக் குறைகிறது. யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அட்டையின் சதுரம் ஊறிப்போயிருந்தது. அந்த ஆளுக்கு ஒரு நன்றி எழுதலாம் என்றால் பெயர் இல்லை. இதை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஆத்திரம் வருகிறது.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தில் 65,000 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. மஞ்சள் பலகையையும், மலைப்பாதையில் வெள்ளை சிவப்பு வெள்ளை என்று தீட்டிய பட்டையையும் பார்த்துக்கொண்டே ஜனங்கள் மலையேறி இறங்குகிறார்கள். இந்தச் சின்னக் காட்டில் பாதை பிரிகிற இடங்களில் வண்ணம் பூசிய முளைக்குச்சி நட முடியாதா? வாசலில் ஒரு பெரிய வரைபடப் பலகை, கேட்கிறவர்களுக்கு ஒரு தாள், திரும்பி வரும்போது அதை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க ஒரு பெட்டி. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு சின்னப் பலகையில் பெரிய எழுத்தில் பெயர், செய்தவர், என்ன பொருள், எந்த வருடம். க்யூஆர் கோடும் வேண்டுமானால் அதன் கீழே இருந்துவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது?

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் போன் டிங் என்றது. காட்டுக்குள் ஒரு பக்கத்தைத் திறக்க வக்கில்லாத அந்த ஆப், சோபாவில் உட்கார்ந்த உடனே கச்சிதமாகக் கேட்கிறது: "உங்கள் காட்டு அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை?" ஒரு நட்சத்திரம் போட்டேன். காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி திறந்தது. இரண்டு வரி அடிப்பதற்குள் எழுத்து வரம்பு முடிந்தது என்று சிவப்பில் காட்டியது. மிச்சத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.