பதிவு எண் இருந்தாலே வரிச்சலுகை கிடைக்குமா?

“தமிழ்நாட்டில் பதிவு செய்யப்பட்ட எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை அளித்தாலும் முழுத் தொகைக்கும் வரிவிலக்கு உண்டு, பதிவு எண்ணே அரசின் அங்கீகாரம்” என்னும் செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளர் வழங்கும் எண், அச்சங்கம் சட்டப்படி அமைக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். அதன் பணிக்கோ கணக்குக்கோ அது நற்சான்று ஆகாது. வரிச்சலுகையைத் தீர்மானிப்பது மாநில அரசும் அன்று. 80ஜி எனப் பரவலாக அறியப்படும் ஒப்புதலை வருமான வரித் துறை தனியாக அளித்திருந்தால்தான், அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே, கழிவு கிடைக்கும். பெரும்பாலான தனியார் தொண்டு நிறுவனங்களுக்கு அளிக்கும் நன்கொடையில் பாதித் தொகை மட்டுமே, வரம்புக்கு உட்பட்டு, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவும் இல்லை.

ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வருமான வரித் துறையின் இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஒப்புதல் இல்லை என்பதாலேயே ஒரு சிறிய அமைப்பு போலியாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நேர்மையாக உழைக்கும் பல சங்கங்கள் அந்த ஒப்புதலுக்கு விண்ணப்பிக்காமலே இயங்குகின்றன.

இச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், அருள்கூர்ந்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.