வீடு கட்டுபவர்களே, தளம் போடுவதற்கு முந்தின நாளை எங்கேயும் போகாமல் ஒதுக்கி வையுங்கள்

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வீட்டு வேலை நடக்கிறது. நத்தம் ரோட்டில் ஐயர் பங்களா, திருப்பாலை தாண்டி ஊமச்சிகுளம் வரை, மேற்கே நாகமலை புதுக்கோட்டை, கிழக்கே ஒத்தக்கடை. தெரிந்தவர்கள் யாராவது கட்டினால் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. எந்தக் கம்பெனி ஸ்மார்ட் ஸ்விட்ச் நல்லது, வாயால் சொன்னால் லைட் எரியுமா, வாசல் கதவுக்கு விரல்ரேகைப் பூட்டு போடலாமா. நல்ல ஆசைகள்தான். ஆனால் இதையெல்லாம் பால் காய்ச்சிக் குடிபோன பிறகு, கையில் காசு புழங்கும்போது நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். கட்டும்போதே முடிவு செய்தாக வேண்டியது வேறு: சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் தரைக்கு அடியிலும் என்னென்ன போகப்போகிறது என்பது. கருவி ஐந்தாறு வருடத்தில் பழசாகி மாறிவிடும். காங்கிரீட்டுக்குள் போன குழாய் வீடு இருக்கும்வரை அங்கேயேதான் இருக்கும்.

தளம் போடுவதற்கு முந்தின நாளை நினைத்துப் பாருங்கள். கம்பி கட்டி முடித்திருப்பார்கள். எலக்ட்ரீசியன் ஃபேன் பாக்ஸையும் லைட் பாக்ஸையும் இடம் பார்த்து வைத்து, பிவிசி குழாயைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் அன்றைக்கு ஜல்லிக்கும் மிக்சர் மெஷினுக்கும் ஆளுக்கும் அலைந்துகொண்டிருப்பார். திருப்பாலையில் சித்தப்பா வீட்டு வேலையின்போது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த எலக்ட்ரீசியன் தம்பி தானாகவே வந்து கேட்டார்: "அண்ணே, கேமராவுக்கு, நெட்டுக்கு, மாடியில சோலாருக்கு எல்லாம் குழாய் போடணுமா? இப்பச் சொன்னா அரை நாள்ல முடிச்சிருவேன். நாளைக்குச் சொன்னா சுவத்தைத்தான் வெட்டணும்." அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் எல்லோருக்கும் அமைவதில்லை. அதனால் வீட்டுக்காரர்தான் பட்டியலோடு நிற்க வேண்டும்.

பட்டியல் பெரிதில்லை. நான்கு மூலையிலும் சன்ஷேடுக்குக் கீழே கேமராவுக்கு ஒரு குழாய். ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு குழாய். காங்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை ஒழுங்காகப் போகாது, அதிலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவருக்கே திணறும். மேல் மாடிக்கு கேட்6 என்கிற நெட் கேபிள் ஒன்று இழுத்துவிட்டால் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் தொந்தரவு இல்லை. இந்தக் குழாய்களைக் கரண்டு வயர் போகும் குழாயோடு சேர்க்காமல் தனியாகவே விட வேண்டும். 25 மி.மீ. குழாயாகப் போட்டு, உள்ளே ஒரு கம்பியை மட்டும் விட்டு இரண்டு முனையையும் மூடி வைத்தால் போதும். என்றைக்கு என்ன தேவையோ அன்றைக்கு அந்த வயரை இழுத்துக்கொள்ளலாம். அப்புறம், எல்லா ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர், அதாவது கரண்டு திரும்பிப் போகும் வயர், வரட்டும். பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்சுகளுக்கு அது தேவை. வெறும் லைட் ஸ்விட்ச் மட்டும் இருக்கும் பாக்ஸில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஏசி இப்போது வாங்காவிட்டாலும் எல்லாப் படுக்கையறைக்கும் 4 சதுர மி.மீ. வயரும், தண்ணீர் வெளியேற வாட்டம் கொடுத்த குழாயும் போட்டு வையுங்கள். புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் ஏசித் தண்ணீர் வழிந்து பச்சை கட்டுவதை நம் ஊரில் எத்தனை வீட்டில் பார்க்கிறோம்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். மதுரை வெயிலுக்கு முதல் தொழில்நுட்பம் வெயிலை உள்ளே விடாமல் இருப்பதுதான். திருமலை நாயக்கர் மகாலில் சித்திரை மாதத்தில் நுழைந்து பாருங்கள், அந்தத் தடித்த சுவரும் உயரமான கூரையும் என்ன செய்கின்றன என்று உடம்புக்கே தெரியும். நம்மால் அப்படிக் கட்ட முடியாது, சரி. ஆனால் மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்காமல் இருக்கலாம். மொட்டைமாடியில் வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் ஒட்டலாம். சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் 30 வாட் சொச்சம் எடுக்கும் பிஎல்டிசி ஃபேனைப் போடலாம். இதற்குப் பிறகு ஏசி வாங்குங்கள், அது குறைந்த நேரம் ஓடினாலே அறை குளிர்ந்துவிடும்.

சோலார் விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் தரும், அதற்கு மாடியில் சுமார் 100 சதுர அடி வேண்டும். நமக்கு இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ஸ்லாப் மாறி, கீழ் விகிதச் சலுகையும் போய் பில் ஏறிவிடும். அந்தக் கோட்டுக்குள் நிற்பதற்கே சோலார் உதவும். இவ்வளவு இருந்தும், பல வீடுகளில் மாடியின் தெற்குப் பக்கம் மாடிப்படி அறையும் அதன் தலையில் தண்ணீர் டேங்கும் உட்கார்ந்திருக்கின்றன. பேனல் இங்கே தெற்குப் பார்த்து லேசான சாய்வில் இருக்க வேண்டும். நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி குறையும். டேங்கையும் மாடிப்படி அறையையும் வடக்குப் பக்கம் தள்ள பிளான் போடும்போது கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. வாஸ்து பார்ப்பவர்கள் அதையும் இதையும் ஒரே நாளில் இன்ஜினியரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, விற்பவர்கள் பலர் வாய் திறந்து சொல்லாதது. சாதாரண ஆன்கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது, கரண்டு போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை விடும் நாளில், தலைக்கு மேலே வெயில் காய்ந்தாலும் உங்கள் ஃபேன் ஓடாது. பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வேண்டுமா, தனி இன்வர்ட்டர் போதுமா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இன்வர்ட்டரில் ஓட வேண்டிய ஃபேன், லைட், நெட் மோடம் எல்லாவற்றுக்கும் தனி லைன் இழுக்க வேண்டும், அதுவும் கட்டும்போதுதான் முடியும். மாடியிலிருந்து மெயின் போர்டுக்கு ஒரு பெரிய குழாயும், சோலாருக்குத் தனி எர்த்தும் மறக்க வேண்டாம்.

மின்சார வண்டியை சார்ஜ் செய்ய, போர்டிகோவில் கார் நிற்கும் இடத்துக்கு மெயின் போர்டிலிருந்து 6 சதுர மி.மீ. வயரும் தனி பிரேக்கரும். மின்சார ஸ்கூட்டருக்கு 16 ஆம்பியர் பிளக் போதும், காருக்கு 7 கிலோவாட் சார்ஜர் வந்தால் அது தாங்காது. மெயின் போர்டில், கரண்டு கசிந்தால் உடனே லைனை நிறுத்திவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பாக இருக்கட்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீடு.

தண்ணீருக்கு வருகிறேன். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இன்றைக்கும் சில வீடுகளில் அது அனுமதி வாங்குவதற்கான ஒரு குழியாகவே இருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் ஒரு நல்ல மழையில் சம்ப்பே நிறையும். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு, அடுத்து ஒரு வடிகட்டி, மிஞ்சியது போர்வெல்லுக்கு. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதி என்றால் டேங்கும் குழாயும் இரண்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கழிவறைக்கும் செடிக்கும் உப்புத்தண்ணீர், சமையலுக்கும் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் நல்ல தண்ணீர். கீசர் காயிலில் வெள்ளையாக உப்புப் படிந்து தடித்துப்போனதை ஒருமுறை கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வயதானவர்களுக்காக யோசிப்பதையும் நவீன வசதி என்றே நான் எண்ணுகிறேன். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை, அதன் பாத்ரூம் கதவு மூன்றடி அகலத்தில் வெளிப்பக்கம் திறப்பதாக. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. டாய்லெட் பக்கத்தில் கைப்பிடி திருகும் இடத்தில் சுவர் திடமாக இருக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் முன்பே சொல்லுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலிங் பெல் ஸ்விட்ச், பாத்ரூம் போகும் வழியில் ஆள் நடந்தால் தானாக எரியும் சின்ன லைட். சித்தி இப்போது அந்த வீட்டில் அதிகம் மெச்சிக்கொள்வது இந்த லைட்டைத்தான்.

கடைசியாக, செலவே இல்லாத வேலை. பூச்சு வேலை தொடங்கும் முன்னால், எல்லாச் சுவரையும் அளவு டேப்பைப் பக்கத்தில் நீட்டி வைத்து போட்டோ எடுங்கள். எந்தக் குழாய் தரையிலிருந்து எத்தனை அடியில், மூலையிலிருந்து எத்தனை அடியில் போகிறது என்று படத்திலேயே தெரிய வேண்டும். தளத்துக்கும் அப்படியே, காங்கிரீட் ஊற்றும் முன். போன் மாறும்போது தொலையாமல் இருக்க ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்த வாரம் தளம் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் பிளானைக் கமெண்டில் போடுங்கள், குழாய் எங்கெங்கே விடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.