முஸ்லிம் நாடுகளில் பிறப்பு விகிதம் குறையவே இல்லையா?

"முஸ்லிம் நாடுகளில் குழந்தைப் பிறப்பு குறையவே குறையாது, மதம் விடாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. ஈரானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைக்கு மேல். 2000 வாக்கில் அது இரண்டுக்கு வந்துவிட்டது. அதுவும் மதகுருமார் ஆட்சியில்! 1989இல் அரசே குடும்பக் கட்டுப்பாட்டைக் கையிலெடுத்தது, கிராமத்துச் சுகாதார நிலையங்களில் மாத்திரையும் ஆணுறையும் இலவசமாகக் கிடைத்தன, கல்யாணத்துக்கு முன் மணமக்கள் கருத்தடை வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றார்கள், அப்புறம் பெண்கள் பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்கும் போனார்கள். இப்போது அதே அரசு கூடுதலாகப் பெறச் சொல்லிக் கெஞ்சுகிறது, 2021இல் சட்டமே போட்டாயிற்று. துருக்கியில் 2023இல் வெறும் 1.51. நைஜரில் இன்னும் ஆறை ஒட்டி இருப்பது உண்மை, ஆனால் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.