பழைய குக்கரைத் தர முடியாது

அந்தக் கம்பெனிக்கு அப்படி என்னதான் அவசரமோ, பழைய குக்கரைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்!

வாங்கி ஏழே மாதம். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். பாதிகூட நிறையாது. இரண்டாவது விசில் வருவதற்குள் மூடியே பறந்துவிட்டது. பருப்பு கூரையில், வெயிட் ஜன்னலுக்கு வெளியே, அம்மாவுக்கு வலது கையில் முழங்கை வரை கொப்புளம். அழுத்தம் எல்லை மீறினால் உருகி வழிவிடத்தானே சேஃப்டி வால்வு வைக்கிறார்கள்? அது உருகவே இல்லை. இன்றும் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வியே, "தண்ணி அதிகமா வச்சீங்களா மேடம்?" அடுத்தது, "கேஸ்கட் வெளியில வாங்கினதா?" நாற்பது வருடமாகக் குக்கர் வைக்கிறவர் அம்மா. கை எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை. கடைசியில் பெரிய மனது பண்ணி, "புதுசு தர்றோம், பழசைக் கொடுத்துட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார்கள். படித்துப் பார்த்தால், இனிமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லையாம்!

சரி, குக்கருக்குப் பதில் குக்கர். கைக்கு?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உற்பத்திக் குறையால் ஒருவருக்குக் காயம் பட்டால் இழப்பீடு தர வேண்டியது அதைச் செய்த கம்பெனி. பொருளை மாற்றித் தருவது வேறு கணக்கு, வெந்த கை வேறு கணக்கு. நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. குறை இருக்கிறதா என்று பார்க்க ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்குப் பொருள் நம் கையில் இருக்க வேண்டுமே! அந்த அவசரத்துக்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டு, சாட்சியையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, இலவசமாகப் புதுசு கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

குக்கர் இப்போது பரணில், பருப்புக் கறையோடு. பில்லும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அதற்குள்ளேயே. நேற்றும் போன் வந்தது: "பிக்கப்புக்கு ஆள் அனுப்பட்டுமா மேடம்?"

வரட்டும். வெயிலில் வருகிறவருக்கு மோர் கொடுத்து அனுப்புகிறேன்.