வாக்கி டாக்கி போதும், டைம் மெஷின் வேண்டாம்

துப்பறியும் கதைக்குள் டைம் டிராவலைக் கொண்டுவந்தால் கதை படுத்துவிடும் என்று அடித்துச் சொல்லும் கிரைம் ரசிகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. துப்பறிவாளன் என்பவன் எல்லாம் முடிந்த பிறகு வருபவன். கால்தடம், பாதி எரிந்த கடிதம், உளறும் சாட்சி, இவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கும். இவற்றை வைத்தே முந்தைய இரவில் என்ன நடந்தது என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும், நாமும் கூடவே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரவுக்கே நேராகப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அப்புறம் மூளைக்கு என்ன வேலை?

1929இல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கென்று பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்ய சக்தி எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது அதில் ஒன்று. அறிவியல் புனைகதைப் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பலுக்கும் இதே கவலை இருந்தது. எதிர்காலத்துத் துப்பறிவாளன் பாக்கெட்டிலிருந்து ஏதோ ஒரு கருவியை எடுத்து நீட்டிக் கேஸை முடித்துவிடுவானே, வாசகன் என்ன செய்வான் என்று கேட்டார். எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அதற்குப் பதிலாக, ரோபோவைத் துப்பறிவாளனுக்குக் கூட்டாளியாக்கி ஒரு நாவலே எழுதிக் காட்டினார். சரி, ரோபோவையாவது கட்டிப்போட்டுவிடலாம். காலத்தைக் கட்டிப்போடுவது கஷ்டம்.

என்னைக் கேட்டால், காலப் பயணம் கிரைம் கதைக்குள் தாராளமாக வரலாம், ஆனால் கஞ்சத்தனமாக வர வேண்டும். ஆளை அனுப்பாமல் தகவலை மட்டும் அனுப்புங்கள், அதையும் அரைகுறையாக அனுப்புங்கள். ஆள்தான் போயாக வேண்டும் என்றால் வெறுங்கையோடு போகட்டும். பிபிசியின் 'லைஃப் ஆன் மார்ஸ்' (2006) அப்படித்தான். மான்செஸ்டர் போலீஸ்காரன் ஒருவன் கார் மோதி விழுகிறான், கண் விழித்தால் 1973. அவன் பழகிய கணினியும் இல்லை, டிஎன்ஏ பரிசோதனையும் இல்லை. சுற்றி இருப்பவர்களோ முதலில் அடி, அப்புறம் கேள்வி என்று இருப்பவர்கள். வருங்காலத்திலிருந்து வந்தவன் என்பதால் அவனுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் மிச்சம்.

இந்தக் கஞ்சத்தனத்தை முழுசாகப் புரிந்துகொண்டது 2016இல் வந்த கொரியன் சீரீஸ் 'சிக்னல்'. எழுதியவர் கிம் உன்-ஹீ. 16 எபிசோடு. (இனி கொஞ்சம் ஸ்பாய்லர் உண்டு, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.) 2015இல் இருக்கும் இளம் போலீஸ் அதிகாரி கையில் ஒரு பழைய வாக்கி டாக்கி சிக்குகிறது. உள்ளே பேட்டரியே கிடையாது. ஆனாலும் இரவு 11:23க்கு உயிர் வந்து, கடந்த காலத்திலிருந்து இன்னொரு போலீஸ்காரன் பேசுகிறான். எப்போது பேசலாம் என்பது இருவர் கையிலும் இல்லை. முக்கியமான வாக்கியத்தின் நடுவில் லைன் போய்விடும். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அடுத்த முறை கேட்கும் குரலுக்கு எத்தனை வயது என்றே தெரியாது.

இதில் துப்பறியும் வேலை ஒரு துளிகூடக் குறையவில்லை. இந்தப் பக்கம் இருப்பவனிடம் பழைய கேஸ் ஃபைல் இருக்கிறது, அந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஊரும் ஆட்களும் தெரியும். இரண்டையும் சேர்த்தால்தான் பாதி விடையாவது கிடைக்கும்.

தொடர்கொலை கேஸ் ஒன்றில் அடுத்த பெண் எங்கே கொல்லப்படுவாள் என்று 2015காரன் சொல்லிவிடுகிறான். 1989காரன் ஓடுகிறான், அந்தப் பெண் பிழைக்கிறாள். மேஜையில் இருக்கும் ஃபைலில் 'கொலை' என்ற எழுத்து கண்ணெதிரே 'கொலை முயற்சி' என்று மாறுகிறது. நமக்கும் கைதட்டத் தோன்றும். ஆனால் கைக்கு எட்டியது தப்பிய ஆத்திரத்தில் கொலைகாரன் அடுத்த கொலைக்குக் காத்திருக்கவில்லை. பழைய ஃபைலில் இருந்த தேதியும் இடமும் இனி ஒன்றுக்கும் உதவாது. அந்த மாற்றத்தில் செத்துப்போவது 1989காரன் மனசுக்குள் விரும்பிய பெண். அவள் அவனுக்காக வாங்கி வைத்திருந்த சினிமா டிக்கெட் பிறகு அவன் கைக்கு வருகிறது. தனியாகப் போய் உட்காருகிறான். ஓடுவது நகைச்சுவைப் படம். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கிறது, அவன் மட்டும் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். காலத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை எந்த இயற்பியல் வசனமும் இந்த அளவுக்கு எனக்குச் சொன்னதில்லை.

இப்படி ஒரு கதை கொரியாவில் பிறந்ததற்குச் சட்டம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே கொலை வழக்குக்கே காலாவதித் தேதி இருந்தது. 15 வருடம் தாண்டினால் கொலைகாரன் தானே வந்து ஒப்புக்கொண்டாலும் வழக்குப் போட முடியாது. 2007இல் அதை 25 வருடமாக நீட்டினார்கள், 2015 ஜூலையில்தான் கொலைக்கு அந்த வரம்பையே எடுத்தார்கள். அதற்குக் காரணமாக இருந்தவன் 1999இல் தேகு நகரில் அமில வீச்சில் இறந்துபோன ஆறு வயதுச் சிறுவன். சட்டத்துக்கு அவன் பெயரையே சொல்லி அழைக்கிறார்கள். ஆனால் அவன் வழக்கு சில நாள் முன்புதான் காலாவதியாகியிருந்தது, அதனால் அவனுக்கே அந்தச் சட்டம் பயன்படவில்லை. நம் நாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது என்பதால் இந்த வேதனை நமக்குச் சட்டென்று உறைக்காது. (நம் வழக்குகள் வேறு விதத்தில் காலாவதியாகும், அது தனிக் கதை.)

'சிக்னலில்' வரும் அந்தத் தொடர்கொலை கேஸுக்கு மூலம் நிஜத்தில் நடந்த ஹ்வாசொங் கொலைகள். சியோலுக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில், 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். விசாரிக்கப்பட்டவர்களே 20,000க்கும் மேல். 2006இல் கடைசி கொலையும் காலாவதியானது. சீரீஸ் வந்து மூன்று வருடம் கழித்து, 2019இல், பத்திரமாக வைத்திருந்த பழைய தடயப் பொருட்களைப் புதிய டிஎன்ஏ முறையில் சோதித்தார்கள். லீ சுன்-ஜே என்ற பெயர் வந்தது. மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994 முதல் சிறையில் இருப்பவன். மொத்தம் 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். அந்தக் காலத்திலேயே போலீஸ் அவனை விசாரித்துவிட்டு வெளியே விட்டிருக்கிறது. அவர்கள் தேடியது பி ரத்த வகைக்காரனை, இவனுடையது ஓ.

இங்கேதான் எனக்கு இந்த வகைக் கதைகள்மேல் ஒரு மனத்தாங்கல். எட்டாவது கொலைக்கு, 1989இல், போலீஸ் ஒருவரைப் பிடித்தது. சின்ன வயதில் போலியோ வந்து கால் சரியாக நடக்க முடியாத இளைஞர். மூன்று நாள் தூங்கவிடாமல் விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். கிட்டத்தட்ட 20 வருடம் சிறையில் இருந்து 2009இல் வெளியே வந்தார். மறுவிசாரணையில் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2020 டிசம்பரில். அந்த விசாரணையில் சாட்சி சொன்ன லீ, தன்னை ஏன் முன்னாலேயே பிடிக்கவில்லை என்பது தனக்கே புரியவில்லை என்றான். இந்தக் கொலைகளை வைத்து 2003இல் வந்த புகழ்பெற்ற 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தைச் சிறையில் பார்த்ததாகவும் தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றும் சொன்னான். கொலைகாரன் தியேட்டரில் இருந்தால் கண்ணுக்குக் கண் பார்க்கட்டும் என்று கேமராவை நேராகப் பார்க்கும் காட்சியோடு படத்தை முடித்திருந்தார் இயக்குநர் போங் ஜூன்-ஹோ.

வாக்கி டாக்கியின் மறுமுனையில் எப்போதும் ஒரு நல்ல போலீஸ்காரன் இருக்கிறான் என்பதுதான் இந்தக் கதைகளின் மிகப் பெரிய கற்பனை. பேட்டரி இல்லாமல் ரேடியோ பேசுவதைக்கூட நான் நம்பிவிடுவேன். 'சிக்னல்' பரவாயில்லை, நிரபராதிமேல் பழி போடும் போலீஸ் அதிலும் உண்டு, கதையின் அடிவயிறே அதுதான். மற்றவை கொலைகாரன் யார் என்ற தகவல் கிடைக்காததுதான் பிரச்சினை என்பது போல ஓடுகின்றன. ஹ்வாசொங் கொலைகள் தொடங்கிய அதே 1986இல் இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் ஒரு கொலை வழக்கில் டிஎன்ஏவை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். அது முதலில் செய்த வேலை, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் நிரபராதி என்று காட்டியது. கொலைகாரன் அகப்பட்டது அதற்குப் பிறகுதான்.

நம்மூரில் 'மாநாடு' மாதிரி ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் டைம் லூப் படம் வந்து ஓடியது, நானும் ரசித்தேன். ஆனால் அங்கே கொலையைத் தடுக்க வேண்டியதுதான் வேலை, அது வேறு வகை விறுவிறுப்பு. எனக்கு வேண்டிய கதை இன்னும் கொஞ்சம் மோசமானது. 1989, ஸ்டேஷன், மூன்றாவது இரவு. எதிரே தூக்கம் சொக்கும் அந்த இளைஞர். மேஜையில் இருக்கும் ரேடியோ கரகரத்து, இவர் ஆள் இல்லை, நீங்கள் தேடும் ரத்த வகையும் தப்பு என்று எதிர்காலம் தெளிவாகச் சொல்கிறது. எதிரில் இருக்கும் அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து ஆயிரம் நெருக்கடி, வாக்குமூலத்தில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் அந்த ரேடியோவை என்ன செய்வார்? இதை நேர்மையாக எழுத ஒருவர் வேண்டும்.